செல்ஃப் மோட்டார்

சாவியைத் திருப்பினால் கார் கிளம்புகிறது. சாவிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பின் சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் யோசிப்பதில்லை. எங்கள் ஊர்ப் பண்ணையில் அம்பாசிடர் வைத்திருந்த காலத்தில் நடுவில் இருந்தவர் எங்க தாத்தா.

அந்த வண்டியின் முன் பம்பரில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் வளைந்த இரும்புக் கைப்பிடியை விட்டு எஞ்சினைச் சுற்ற வேண்டும். கட்டை விரலை மற்ற நாலு விரலோடு சேர்த்தே வைத்துப் பிடிக்கணும். பிடியைச் சுற்றி வளைத்துப் பிடித்தால் போச்சு. எஞ்சின் நேரம் தப்பி வெடித்தால் கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று அடிக்கும். தாத்தாவின் வலது மணிக்கட்டு கோணலாகவே இருந்தது. கேட்டால், "வண்டி ஒதச்சிடுச்சுடா" என்பார், ஏதோ மாடு உதைத்த மாதிரி. சுற்றியும் கிளம்பவில்லை என்றால் தள்ளணும். ஆண்டை உள்ளேயே உட்கார்ந்திருப்பார், இறங்க மாட்டார். அவரையும் சேர்த்துத்தான் தள்ளணும். அந்த வண்டிக்குள் தாத்தா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

இதில் விஷயம் என்னவென்றால், அந்த அம்பாசிடரிலும் செல்ஃப் மோட்டார் இருந்தது. கை உடைகிற இந்தத் தொல்லைக்காகவே அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சாரத்தில் எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாரை உருவாக்கி, 1912ஆம் வருட காடிலாக் கார்களிலேயே அது வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் எங்க தாத்தா ஏன் கையால் சுற்றினார்? பேட்டரி மாற்றக் காசு வேணும். மோட்டாருக்குக் கார்பன் தேய்ந்தால் அதுக்கும் காசு வேணும். தாத்தாவுக்குக் களத்தில் அளக்கிற நெல்லோடு சரி. எந்திரம் வந்துவிட்டால் சாதி தானாக ஒழியும் என்று எழுதுகிற நண்பர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

2004இல் தம்பி கடன் வாங்கிப் பழைய மாருதி ஆம்னி ஒன்றை எடுத்தான். காலனிக்கு வந்த முதல் வண்டி. அப்போது 108 ஆம்புலன்ஸ் கிடையாது. அது தமிழ்நாட்டில் வந்ததே 2008இல்தான். பிரசவம், பாம்புக்கடி, தீக்காயம், எல்லாவற்றுக்கும் ஆம்னிதான். ஊர்த்தெரு வண்டிகளைக் கூப்பிட்டால் "டீசல் இல்ல" என்ற பதில் தயாராக இருக்கும்.

2005 மழையில் செல்ஃப் நின்றுபோனது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், அதோடு சரி. காலனிக்குள் தள்ளுவது திருவிழா மாதிரி. பையன்கள் ஓடி வருவார்கள். ஒரு நாள் ஊர்த்தெருவில் நின்றுவிட்டது. தம்பியும் நானும் இறங்கித் தள்ளினோம். திண்ணையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சொந்தமா வண்டி வாங்கியும் தள்ளுறத உடலியாடா?" தம்பி ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மெயின் ரோட்டில் பட்டறை இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். "அங்கெல்லாம் வர்றதில்ல, இங்க கொண்டாங்க" என்றார். கொண்டுபோனால் சாயந்தரம் வரைக்கும் ரோட்டோரம் நிற்கணும். நமக்குப் பின்னால் வந்த வண்டி நமக்கு முன்னால் போகும். அதே வாரம் எங்கள் தெருவில் மூணாவது வீட்டுப் பெண்ணுக்கு நாள் நெருங்கிக் கொண்டிருந்தது.

எனக்கு அந்த நேரம் சாலிஸ்கான் நினைவு வந்தது. 1929இல் அம்பேத்கர் அந்த ரயில் நிலையத்தில் இறங்கியபோது எந்தக் குதிரை வண்டிக்காரரும் அவரை ஏற்றி ஓட்டச் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத மகர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் வண்டி தடுமாறியது. அம்பேத்கர் கல் தரையில் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. அவரே எழுதி வைத்திருக்கிறார். வண்டிக்காரர்களின் தீண்டாமையை எல்லாரும் பேசுகிறோம். கடிவாளம் பிடிக்கும் வித்தை நம்ம ஆளுக்குக் கிடைக்காமல் இருந்ததும் அதே தீண்டாமையின் வேலைதான்.

புதுச்சேரியில் ஒரு ஷெட்டில் வேலை செய்த மாமா பையனுக்குச் சொல்லி அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை சாக்குப்பையில் ஸ்பேனர்களோடும், சரிசெய்து விற்கிற பழைய செல்ஃப் ஒன்றோடும் வந்தான். வந்தவன் வேலையைத் தொடவில்லை. "நான் நாளைக்குப் போயிடுவேன். நீங்க ரெண்டு பேரும் செய்யுங்க, நான் சொல்றேன்" என்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டான்.

முதலில் ஹெட்லைட்டைப் போடச் சொன்னான். போட்டபடியே சாவியைத் திருப்பணும். லைட் செத்துப்போனால் பேட்டரியையும் வயரையும் பார்க்கணும், இல்லாவிட்டால் மோட்டார் இறுகியிருக்கும். எங்களுக்கு 'டக்' கேட்டது, லைட் மங்கவே இல்லை. நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டிய மோட்டார் ஒன்றையுமே இழுக்கவில்லை. "கார்பன் போயிருக்கும், இல்லன்னா சொலினாய்டு" என்றான். அந்த 'டக்' சொலினாய்டின் சத்தம். அது ரெண்டு வேலை செய்கிறது. சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளி பிளைவீல் பல்லில் கோர்க்கிறது, பேட்டரியின் மொத்த மின்சாரத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. எஞ்சின் கிளம்பியதும் பல்சக்கரம் விலகிக்கொள்ளும்.

பேட்டரியில் எர்த் வயரைத்தான் முதலில் கழற்றணும். பாசிட்டிவை முதலில் தொட்டு ஸ்பேனர் பாடியில் பட்டால் நெருப்புப் பறக்கும். பூட்டும்போது எர்த் கடைசி. அப்புறம் ஜாக்கி. "ஜாக்கிய மட்டும் நம்பி எவனும் அடியில போகக்கூடாது" என்று கத்தினான். தம்பி செங்கல் எடுத்து வந்தான். அதுவும் கூடாதாம், பாரம் ஏறினால் நொறுங்கிவிடும். கட்டையான மரத்துண்டுகளைச் சேஸிஸுக்கு அடியில் முட்டுக் கொடுத்தோம். பின் சக்கரங்களுக்குக் கருங்கல்.

நான் அடியில் போனேன். மழைச் சேறு இறுகியிருந்தது. பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயர், சாவியிலிருந்து வரும் மெல்லிய வயர், ரெண்டையும் கழற்றினேன். மோட்டாரைப் பிடித்திருப்பது ரெண்டே போல்ட்டு. துருவில் இறுகியிருந்தவற்றுக்கு மண்ணெண்ணெய் விட்டுவிட்டு டீ குடித்தோம். கடைசி போல்ட்டு விடுபடும்போது ஒரு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொள்ளணும். இல்லாவிட்டால் மூஞ்சியில் விழும்.

வெளியே எடுத்து வைத்ததை ஆயா வந்து பார்த்தது. காலால் லேசாக உருட்டியது. "இம்மாந்துண்டுதானா? இது செய்யற வேலைக்கா அந்த மனுசன் கைய ஒடிச்சிக்கிச்சு?" என்றது. யாரும் பதில் சொல்லவில்லை.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பற்களை எண்ணினோம், போல்ட்டு ஓட்டைகளை ஒத்துப் பார்த்தோம். புதியதைக் காலால் அமுக்கிக்கொண்டு பேட்டரியோடு தொடவைத்தபோது துள்ளிச் சுழன்றது. பூட்டுவதற்கு முன்னால் அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்க்கச் சொன்னான். எனக்கு இது புதுசு. மோட்டாருக்குத் தனியாக எர்த் வயர் கிடையாது. அதன் இரும்பு உடம்பு எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. தொடுகிற இடத்தில் துரு இருந்தால் வேலை நடக்காது. தொட்டால்தான் ஓடும் என்று தம்பி சொன்னதற்கு எல்லாரும் சிரித்தோம்.

சாவியைத் திருப்பினான். கிளம்பிவிட்டது. தள்ளுவதற்குத் தயாராக நின்ற பொடிப்பசங்க முகம் மட்டும் தொங்கிப்போனது. பழைய மோட்டாருக்குக் கார்பன் மாற்றி, சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தோம். மூணாவது வீட்டுப் பெண்ணை நாலாம் நாள் ராத்திரி ஆம்னியில்தான் கொண்டுபோனோம். பெண் குழந்தை.

அந்த ஆம்னியை விற்றாகிவிட்டது. கம்பெனியும் 2019இல் ஆம்னி செய்வதை நிறுத்திவிட்டது. அன்றைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற பையன்களில் ஒருத்தன் இப்போது மெயின் ரோட்டில் ஷெட்டு வைத்திருக்கிறான். கடை வாடகைக்குக் கேட்டபோது எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு இல்லையென்றார்கள். புறம்போக்கில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறான். செல்ஃப் வேலையில் சுற்று வட்டாரத்தில் அவனுக்குப் பேர். ஊர்த்தெரு வண்டிகளும் வருகின்றன, பொழுது சாய்ந்த பிறகு. பகலில் இன்னும் வரத் தொடங்கவில்லை.