போட்டவன் இறக்குவானா

அம்மை போட்ட வீட்டில் செய்யக் கூடாதவை என்று ஆச்சி வைத்திருந்த பட்டியல் நீளமானது. கடுகு தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. தலை சீவக் கூடாது, ஊசி நூல் எடுக்கக் கூடாது, வெளியாள் வாசல் தாண்டக் கூடாது. கொலைக்கதை வாசிக்கக் கூடாது என்று மட்டும் அதில் இல்லை. அம்மன் இறங்கியிருக்கும் வீட்டில் ஒருத்தி அப்படிச் செய்வாள் என்று ஆச்சிக்கு முன்னால் வாழ்ந்த யாருக்கும் தோன்றியிருக்காது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவள் என் சித்தி.

எண்பதுகளின் பிற்பாதி, ஒரு பங்குனிக் கடைசி. கொட்டாரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பங்குலை தொங்கியது. எனக்கு வந்தது சின்னம்மைதான். ஊரில் கொப்புளிப்பான் என்பார்கள். நடுவீட்டில் வாழையிலை பரப்பி, அதன்மேல் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியை விரித்து, என்னைக் கிடத்தியிருந்தார்கள். விடியும் முன்னே அக்கானி வரும். பிறகு இளநி, நுங்கு, பழஞ்சி, மட்டிப்பழம். பள்ளிக்கூடம் கிடையாது. அரிப்பு மட்டும் இல்லையென்றால் அம்மையைப் போல ஒரு சொகுசு உண்டா என்று நினைத்துக்கொள்வேன். சொறியக் கை போனால் ஆச்சி வேப்பங்கொழுந்தால் தடவிவிடுவாள். ஜன்னலுக்கு வெளியே தென்னை மண்டைகளுக்கு மேலே மருந்துவாழ்மலை தெரியும். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது பொற்றையடிப் பக்கம் சிந்திய துண்டு அது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இத்தனை மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதற்கு வெறும் வேப்பிலை என்று கேட்டேன். “அவளுக்கு மருந்து குடுக்கப்பிடாது மக்கா. அவளா வந்தா, அவளா போவா” என்றாள்.

வாசித்தால் கண் அவிந்துவிடும் என்று எனக்குப் புத்தகம் தொடத் தடை. சித்திக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் அவள் பக்கத்தில் இருக்கலாம். டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஒருசேரக் காத்திருந்தவள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் மாரியம்மன் தாலாட்டு வாசிக்க வேண்டியது அவள் பொறுப்பு. அவளும் வாசித்தாள், சலிக்கும்வரை. பிறகு ஒருநாள் தாலாட்டுப் புத்தகத்துக்குள் வேறொரு புத்தகத்தைச் செருகிக்கொண்டு, அதே ராகத்தில், அதே இழுவையில் வாசிக்கத் தொடங்கினாள். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கண் திறந்தாள்.

“ஏட்டி, மாரியாத்தா எப்பம்ட்டி லேபரட்டரிக்குப் போனா?”

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். சித்தி வாயில் சேலைத் தலைப்பை வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தாள். ஆச்சி கோபப்படவில்லை. “சரி, நிறுத்தாத. அங்க என்ன நடக்கு?” என்றாள்.

அங்கே ஒரு விஞ்ஞானி அம்மைக் கிருமியையும் வேறொரு கிருமியையும் சேர்த்துப் புதிதாக ஒரு வைரஸ் செய்துகொண்டிருந்தான். ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபாவும் மாதம் தவறாமல் எழுதிக் குவித்த காலம் அது. சித்திக்கு இந்தப் புத்தகங்கள் ஜங்ஷனில் இருந்த தையல்கடையிலிருந்து வரும். தையல்காரர் வெட்டுமேசைக்கு அடியில் ஒரு கட்டு வைத்திருப்பார். பக்க அடையாளத்துக்கு நூல்துண்டு, ஓரமெல்லாம் சாக்கட்டிப் பொடி, உள்பக்கத்தில் யாருடையதோ மார்பளவு, இடுப்பளவு. இந்தப் புத்தகத்துக்கு அட்டை இல்லை. அட்டையோடு கதையின் பெயரும் எழுதியவர் பெயரும் போய்விட்டன. பிற்பாடு பழைய புத்தகக் கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை.

கதையில் அந்த விஞ்ஞானி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டி உலகத்தையே மிரட்டுவான். குப்பி ஒரு விமானத்தில் தொலையும். நான் காய்ச்சல் சூட்டில் அதைக் கேட்டுக்கொண்டு, என் கையிலிருந்த ஒவ்வொரு கொப்புளத்தையும் அந்தக் குப்பியாகவே பார்த்தேன். உடைந்துவிடக் கூடாதே என்று இரண்டு நாள் சொறியாமல் இருந்ததில் ஆச்சிக்கு ஆச்சரியம். வேப்பிலை செய்யாததை அந்த நாவல் செய்தது.

ஆச்சிக்கு வேறு சந்தேகங்கள் இருந்தன.

“எதுக்குட்டி அவன் உண்டாக்குதான்?”

“ரூவாய்க்கும்மா. எல்லாரையும் மெரட்டி ரூவா கேக்கான்.”

“எல்லாரும் செத்துப்போனா ரூவாய எங்க கொண்டு செலவாக்குவான்?”

“அவன்கிட்ட மாத்து மருந்து உண்டு.”

“யாருக்காவது குடுத்துப் பாத்தானா?”

சித்தி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஆசிரியர் அதை எழுதியிருக்கவில்லை.

“போடத் தெரிஞ்சவனெல்லாம் இறக்கத் தெரிஞ்சவனா இருக்கணும்னு இல்லல்லா” என்றாள் ஆச்சி.

அம்மன் முத்துப் போடுவாள், அவளே முத்தை இறக்குவாள். வில்லுப்பாட்டில் முத்தாரம்மன் கதை கேட்டு வளர்ந்த எங்கள் ஊரில் இதைத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றும்போது ‘இறங்கிட்டா’ என்பார்கள். போட்டவளுக்கு இறக்கவும் பொறுப்பு உண்டு என்பதுதான் அந்த நம்பிக்கையின் உள்ளே இருக்கும் நீதி. ஆச்சிக்கு அந்த வில்லன்மேல் இருந்த கோபம் அவன் கெட்டவன் என்பதால் அல்ல, பொறுப்பில்லாதவன் என்பதால்.

அவள் பேசத் தகுதி உள்ளவள். முகம் முழுக்க வடு. இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. எங்கள் பக்கம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், அவளுக்கு வந்தது கொப்புளிப்பான் அல்ல, வைசூரி. பெரிய அம்மை. வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பிழைக்காத நோய். திருவிதாங்கூர் அரசு 1879லேயே மாணவர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் கைதிகளுக்கும் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியிருந்தது. ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை, சர்க்கார் உத்தியோகம் பார்த்ததில்லை, ஜெயிலுக்கும் போகவில்லை. அம்மை குத்த ஆள் வந்தபோது அவளை வைக்கோல் படப்புக்குள் ஒளித்து வைத்தார்களாம். கல்யாணமாகி வந்த பிறகு வைசூரி வந்தது. அவள் பிழைத்தாள். இரண்டு வயதான மூத்த பையன் பிழைக்கவில்லை. தூக்க யாரும் வரவில்லை. முன்பே வைசூரி வந்து தப்பிய ஒரு பனையேறிதான் ராத்திரியோடு ராத்திரியாகப் பாயில் சுருட்டிக் கொண்டுபோனார். அந்தப் பையனின் பெயரை ஆச்சி அதுவரை என்னிடம் சொன்னதில்லை. சித்தி வாசிப்பை நிறுத்தியிருந்த ஒரு இடைவெளியில் சொன்னாள். சொல்லிவிட்டு, “ம், வாசி” என்றாள்.

கதையின் கடைசிப் பக்கங்களும் இல்லை. பட்டன் பொதியத் தையல்காரர் கிழித்திருக்க வேண்டும். சித்தி அசரவில்லை, தானே முடித்துவைத்தாள். போலீஸ் வந்தது, மாற்று மருந்து கிடைத்தது, ஒரே ஊசியில் நகரம் பிழைத்தது. ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை. “அப்படி முடியாது. அவன் உண்டாக்கினது முதல்ல அவனுக்க மேலயே வந்து கேறணும். அப்பந்தான் நிறுத்துவான்.” கேறணும் என்றால் கேறணும். சித்தி முடிவை மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆச்சி போன பிறகுதான் நான் கென் அலிபெக் எழுதிய ‘பயோஹசார்ட்’ வாசித்தேன். 1999இல் வந்த புத்தகம். கனத்ஜான் அலிபெகோவ் என்ற பெயரில் சோவியத் உயிரியல் ஆயுதத் திட்டத்தின் துணைத் தலைவராக இருந்து, 1992இல் அமெரிக்கா போனவர். தையல்கடைக் கதை அங்கே அரசாங்கச் செலவில், ஊழியர்களோடும் ஐந்தாண்டுத் திட்டத்தோடும் நடந்திருந்தது. பெரியம்மையை டன் கணக்கில் வளர்த்து இருப்பு வைத்திருந்தார்கள் என்கிறார். அதற்குத் தேர்ந்தெடுத்த ரகத்தின் பெயரை வாசித்ததும் புத்தகத்தைக் கீழே வைத்தேன். ‘இந்தியா-1967’. அம்மை ஒழிப்புக்கு உதவ வந்த சோவியத் மருத்துவக் குழு, அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து எடுத்துப்போனதாம்.

உதவ வந்தது பொய்யில்லை. பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று 1958இல் உலக சுகாதார சபையில் முன்மொழிந்தவர் சோவியத் நாட்டின் விக்டர் ஸ்தானவ். உறைய வைத்து உலர்த்திய தடுப்பு மருந்தைக் கோடிக்கணக்கில் இலவசமாகக் கொடுத்ததும் அவர்கள்தான். என் இடது தோளிலுள்ள தழும்புக்குள் போனதுகூட அந்த மருந்தாக இருந்திருக்கலாம். ஒரு கையால் குத்திக்கொண்டே மறு கையால் எடுத்துப் போயிருக்கிறார்கள். 1974இல் மட்டும் இந்தியாவில் 1,88,000 பேருக்குப் பெரியம்மை வந்தது. முப்பத்தோராயிரம் பேர் செத்தார்கள். பீகாரில் சுகாதார ஊழியர்கள் நோயாளியின் படத்தைக் காட்டி வீடு வீடாகக் கேட்டு அலைந்தார்கள். அடுத்த ஆண்டு, ஒரு நோயாளியைக் காட்டிக் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் பரிசு என்று சுவரில் எழுதினார்கள். 1980 மே 8 அன்று பெரியம்மை ஒழிந்ததாக உலகம் அறிவித்தது. அதற்குப் பிறகும், நான் வாழையிலையில் கிடந்த அதே ஆண்டுகளில், சைபீரியாவின் கோல்ட்சோவோவில் அதைத் தொட்டிகளில் பெருக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது என்று அலிபெக் எழுதுகிறார். இன்றைக்கும் அட்லாண்டாவிலும் கோல்ட்சோவோவிலும் குளிர்ப்பெட்டிகளில் அது இருக்கிறது. அழித்துவிட 1993இல் நாள் குறித்தார்கள். அந்த நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

கதையை நிஜமாக எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டது ஆச்சி மட்டுமில்லை. ரிச்சர்ட் பிரஸ்டன் 1997இல் ‘தி கோப்ரா ஈவெண்ட்’ என்று ஒரு நாவல் எழுதினார். நியூயார்க்கில் தனி ஆள் ஒருவன் பெரியம்மையையும் சளிக் கிருமியையும் பூச்சி வைரஸ் ஒன்றையும் கலந்து புதுக் கிருமி செய்கிறான். அதை வாசித்த ஜனாதிபதி கிளிண்டன் கலங்கிப்போய் நிபுணர்களைக் கூப்பிட்டு இது நடக்குமா என்று கேட்டார். மாற்று மருந்தைப் பரீட்சித்துப் பார்த்தானா என்பதில்தான் அவருக்கும் கேள்வி வந்து நின்றிருக்கும்.

2020இல் சித்தியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. டீன் கூன்ட்ஸ் என்பவர் 1981லேயே ஒரு நாவலில் எழுதிவிட்டாராம், ஊகான் கிருமியைப் பற்றி. பக்கத்தின் படமும் இருந்தது. சித்தி இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். போன் போட்டேன். முதல் பதிப்பில் அந்தக் கிருமி ரஷ்ய ஊரின் பெயரில் இருந்தது, பிற்பாடுதான் ஊகான் என்று மாற்றினார்கள், கதையில் வரும் நோய் கொரோனாவும் இல்லை என்று விளக்கினேன். கொஞ்சம் ஏமாற்றம் அவளுக்கு. சமாதானத்துக்கு உஸ்தினவ் கதையைச் சொன்னேன்.

நிகோலாய் உஸ்தினவ் கோல்ட்சோவோவில் மார்பர்க் வைரஸை ஆயுதமாக்கும் வேலையில் இருந்த விஞ்ஞானி. 1988இல் கினிப்பன்றிக்கு ஊசி போடும்போது கை தவறி ஊசி அவர் விரலிலேயே ஏறியது. அறையில் அடைபட்டு, தனக்கு என்ன நடக்கிறது என்று குறிப்பெழுதிக்கொண்டே செத்தார்.

“அம்மா சொன்னாள்லா, அவனுக்க மேலயே கேறணும்னு” என்றாள் சித்தி. “அதோட நிறுத்தினானுவளா?”

இல்லை. செத்தவர் உடம்பிலிருந்து கிருமியை எடுத்துப் பார்த்தார்கள். முன்னைவிட வீரியமாக இருந்தது. பழைய ரகத்தைத் தள்ளிவிட்டு அதையே வளர்த்தார்கள். அவர் பெயரின் முதல் எழுத்தை அதற்கு வைத்தார்கள்.

சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சிரித்தாள். “இதெ மட்டும் அம்மாட்ட சொல்லியிருந்தேன்னு வை, கதை விடாதட்டின்னு கம்பெடுத்திருப்பா.”