சூட்டைக் கேட்டு ஊற்றுங்கள்

பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்கிய தம்பிகள் என்னைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐயா, கம்பெனி சொன்ன ஆயில் தண்ணி மாதிரி இருக்கு. கொஞ்சம் திக்கா ஊத்திடலாமா?" ஆசைப்பட்டு, மாதாமாதம் கடன் கட்டி வாங்கிய வண்டி. அதன் இன்ஜினுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்ற அக்கறை அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அக்கறைக்கும் அளவு தெரிய வேண்டும். அளவு தெரியாத அக்கறை, காக்க நினைத்ததையே வருத்திவிடும். இன்ஜின் ஆயில் விஷயத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம், எண்களால் அளக்கலாம். அதனால்தான் இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும்.

டப்பாவின் மேல் உள்ள எண்களிலிருந்து தொடங்குவோம். 5W-40 என்று எழுதியிருக்கிறது. W குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. 0W ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5W ஆயிலை மைனஸ் 30-லும், 15W ஆயிலை மைனஸ் 20-லும் சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண்ணை முக்கியமாக 100 டிகிரி செல்சியஸில் உள்ள பாகுத்தன்மை முடிவு செய்கிறது. எஸ்.ஏ.இ. அமைப்பின் ஜே300 தரநிலைப்படி, அந்தச் சூட்டில் 20 கிரேடு ஆயில், பாகுத்தன்மையை அளக்கும் சென்டிஸ்டோக் கணக்கில், 6.9 முதல் 9.3 வரை இருக்கும். 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை.

ஆக, ஓடிச் சூடேறிய இன்ஜினுக்குள் 0W-40-உம் 15W-40-உம் ஒரே வகுப்புப் பிள்ளைகள். "0W என்பது குளிர் நாட்டு ஆயில், நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது" என்ற பேச்சில் உண்மை இல்லை. சென்னையின் காலை நேரத்து 30 டிகிரிகூட ஆயிலுக்குக் குளிர்தான். 40 டிகிரியில் இருக்கும் ஆயில், 100 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தாறு மடங்கு திக்காக இருக்கும். எனவே ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கும்போது நம் இன்ஜினில் இருப்பது, அதற்குத் தேவையானதைவிட மிகவும் திக்கான ஆயில்.

இந்த ஆயில் இன்ஜினை எப்படித் தாங்குகிறது? 1883-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் உள்ளே போக வேண்டிய ஆயில் துளை வழியே மேலே பொங்கி வந்தது. மரக்கட்டை வைத்து அடைத்தார். கட்டையையும் அது வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டையும் தாண்டியது. பேரிங்கின் மேல் அவர் ஏற்றியிருந்த சுமையோ சராசரியாக 100 பவுண்டுதான். அந்த ஆயிலுக்கு வெளியிலிருந்து யாரும் அழுத்தம் கொடுக்கவில்லை. அச்சின் சுழற்சியே ஆயிலைக் குறுகிய இடைவெளிக்குள் இழுத்து, அழுத்தத்தை உண்டாக்கி, அச்சைத் தூக்கி நிறுத்தியிருந்தது. இதன் கணிதத்தை 1886-இல் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் எழுதினார். மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் காரின் டயர், தரையை விட்டுத் தண்ணீரின் மேல் மிதக்கிறதே, அதே தத்துவம்தான். சாலையில் ஆபத்தாக முடிவது, பேரிங்கில் உயிர் காக்கிறது.

இன்றைய காரின் கிராங்க்‌ஷாஃப்டும் அப்படித்தான் மிதக்கிறது. பேரிங்குக்குள் சுழலும் அதன் பகுதிக்கு ஜர்னல் என்று பெயர். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவே 0.05 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கிளியரன்ஸ் விடுகிறார்கள். தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. சுமை உச்சத்தில் இருக்கும் நொடியில் அந்த ஆயில் படலம் ஓரிரு மைக்ரானாக மெலிந்துவிடும். அந்த நொடியில் படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தொடும், பேரிங் தேயும். ஆகவே படலத்துக்குப் போதுமான பாகு வேண்டும். அதே சமயம், அந்தச் சின்ன இடைவெளிக்குள் புகுந்து, அங்கே பிறக்கும் சூட்டை வாரிக்கொண்டு வெளியேறும் அளவுக்கு ஓட்டமும் வேண்டும். ஆயிலைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்றும் வேலை.

இதைப் புரியவைக்க நான் சொல்லும் சிறந்த உதாரணம் ஃபோர்டு மஸ்டாங். 2012-இல் வந்த மஸ்டாங் ஜி.டி.யின் 5 லிட்டர் வி8 இன்ஜினுக்கு ஃபோர்டு சொன்ன ஆயில் 5W-20. அதே ஆண்டு வந்த பாஸ் 302-இல் இருந்ததும் அந்தக் குடும்பத்து 5 லிட்டர் வி8 தான். அதற்குச் சொன்னது 5W-50. ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின் குடும்பம், ஆனால் வெகு தூரம் விலகிய இரண்டு கிரேடுகள். முதலில் பார்த்தால் முரணாகத் தெரியும். சூட்டைக் கணக்கில் சேர்த்தால் முரண் மறைந்துவிடும்.

சாதாரணச் சாலையில் ஆயிலின் சூடு 100 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். பந்தய ஓடுதளத்தில், சுற்றுக்குச் சுற்று உயர் ரெவ்வில் இன்ஜினைப் பிழியும்போது 130 டிகிரியைத் தொடுவது சாதாரணம். 100-லிருந்து 130-க்குப் போகும்போது ஆயிலின் பாகுத்தன்மை ஏறத்தாழப் பாதியாகிவிடும். 100 டிகிரியில் 18 சென்டிஸ்டோக்காக இருந்த 50 கிரேடு ஆயில், ஓடுதளத்துச் சூட்டில் 10 அளவுக்கு இறங்கிவிடும். சாலையில் ஓடும் 20 கிரேடு 8, 9 என்ற அளவில் இருக்கிறது. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாஸ் 302 ஓடுதளத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வண்டி, ஜி.டி. அன்றாடச் சாலைக்கு. டப்பாவின் மேல் வெகு தூரம் விலகி நின்ற இரண்டு ஆயில்களும், தத்தம் வேலைச் சூட்டில் பேரிங்குக்குள் போய்ச் சேரும்போது ஏறக்குறைய ஒரே பாகுதான். பேரிங் கேட்பது மாறவில்லை. சூடு மாறியதால் ஊற்றுகிற ஆயில் மாறியிருக்கிறது.

எனக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் இன்னும் ஒன்றைக் கேளுங்கள்.

திக்கான ஆயில் ஊற்றியதும் ஆயில் பிரஷர் முள் உயர்ந்து நிற்கும். "பாருங்க ஐயா, இப்ப எவ்வளவு பிரஷர்!" என்று மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். அந்த முள் காட்டுவது பம்ப் தள்ளும் ஆயிலுக்கு வழியில் ஏற்படும் எதிர்ப்பை. ஆயில் எளிதாக நுழைய முடியாதபோதும் முள் உயரும். குளிர்ந்த இன்ஜினில் அளவுக்கு மிஞ்சித் திக்கான ஆயிலை வைத்து ரெவ் செய்தால், பிரஷர் எல்லை மீறி ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும். பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதி வேலை செய்யாமலே திரும்பிவிடும். ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறக்கலாம். அப்போது வடிகட்டாத ஆயில் உள்ளே போகும். ஆயில் அழுத்தத்தை நம்பி இயங்கும் வேரியபிள் வால்வ் டைமிங் தடுமாறும். முள் மட்டும் பெருமையாக உயர்ந்து நிற்கும்.

எத்தனையோ வீடுகளில் இந்த முள்ளை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் குரல் உயர்ந்ததும் பிள்ளை வாய் மூடிக்கொள்கிறான். கண்டிப்பு வேலை செய்கிறது என்று அப்பா நினைக்கிறார். உண்மையில் அங்கே ஓட்டம் நின்றுவிட்டது. அவன் மனத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு வருவதில்லை. அவர் சொல்லும் நல்ல சொல் அவனிடம் போவதில்லை. ஒர்க்‌ஷாப்பிலும் அதே கதைதான். மேஸ்திரி அதட்டினால் பையன்கள் ஸ்பேனரை வேகமாகச் சுழற்றுவார்கள். போல்ட்டின் மரை போய்விட்டது என்பதைச் சொல்லமாட்டார்கள். அழுத்தம் உயர்ந்ததை வைத்துப் பாதுகாப்பை அளக்காதீர்கள். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

மஸ்டாங் சொல்லும் பாடம் இதற்கு அடுத்த படி. மென்மையே எப்போதும் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஓடுதளத்துச் சூட்டில் 20 கிரேடு ஆயிலை வைத்தால் படலம் அறுந்துவிடக்கூடும். வாழ்க்கையிலும் 130 டிகிரி நாட்கள் வரும். பிள்ளை தேர்வில் தோற்று வந்து நிற்கும் நாள், தொழில் கடனில் மூழ்கும் மாதம், வீட்டில் பெரியவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் வாரம். அன்றைக்குக் குடும்பத்தில் ஒருவர் திக்காக, நெகிழாமல் நடுவில் நிற்க வேண்டும். அன்று அவர் காட்டும் உறுதி, அந்தச் சூட்டில் பிள்ளைக்குப் போய்ச் சேரும்போது ஆறுதலாகவே சேரும். அதே உறுதியைச் சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் காட்டினால், அது பாரமாகத்தான் விழும். நம் அன்பு மாற வேண்டியதில்லை. எதிரே இருக்கிறவரின் சூடு அறிந்து, அதைக் கொடுக்கும் விதம் மாற வேண்டும். இதை அறிந்தவர்களின் வீட்டில் பெரிய சத்தம் எழுவதில்லை.

சூடு என்றதும் நம் ஊர் வெயிலைச் சொல்லிக்கொண்டு சிலர் வருவார்கள். சென்னையில் 40 டிகிரி வெயில் அடித்தாலும், சாலையில் ஓடும் காரின் கூலன்டைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கப் பார்க்கும். ஆயிலின் சூட்டைப் பெரிதும் தீர்மானிப்பது நீங்கள் ஓட்டும் விதம். அதே காரை இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்துக்குக் கொண்டுபோய் விரட்டினால் கதை வேறு. ஆகவே ஊரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். கார்வெட்டின் ஏழாம் தலைமுறைக்குச் செவர்லே தொடக்கத்தில் சாலைக்கு 5W-30, ஓடுதளத்துக்கு 15W-50 என்று இரண்டாகவே சொன்னது. பிறகு 2019 மாடலில் இரண்டுக்கும் சேர்த்து 0W-40-க்கு வந்தது. பி.எம்.டபிள்யூ. தன் E46 எம்3-யின் 8,000 ரெவ் வரை சுழலும் இன்ஜினுக்கு 10W-60 கேட்டது. பின்னால் வந்த டர்போ எம்3-க்கு அதைவிட மெல்லிய ஆயில் போதும் என்றது. பின்னது சக்தி கூடிய வண்டி. சக்தி கூடினால் ஆயில் திக்காக வேண்டும் என்று விதி இருந்தால் இது நடந்திருக்காது. ஒவ்வொரு இன்ஜினும் அதன் கிளியரன்ஸ், சுமை, கூலர் ஆகியவற்றை வைத்துக் கேட்கிறது.

டப்பாவின் முகத்தை மட்டும் பார்த்தும் ஏமாறாதீர்கள். 150 டிகிரிச் சூட்டில், பேரிங்கில் இருப்பது போன்ற கடும் உரசலில் ஆயில் எவ்வளவு தாங்குகிறது என்பதற்கு எச்.டி.எச்.எஸ். என்று ஓர் அளவு உண்டு. 5W-30 என்று எழுதிய ஓர் ஆயிலில் அது 2.9 ஆக இருக்கும். ஐரோப்பாவின் ஏ3/பி4 தரத்தில் வரும் இன்னொரு 5W-30-இல் 3.5-க்குக் குறையாது. முகத்தில் ஒரே எண்தான். உரசல் வரும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். போர்ஷே போன்ற நிறுவனங்கள் கிரேடோடு நிற்காமல் ஏ40 என்று தங்கள் சொந்தத் தரத்தையும் கேட்பது இதனால்தான். மனிதர்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் பட்டத்தோடு நிற்காமல், நெருக்கடியில் அவர்கள் எப்படி நின்றார்கள் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

இனி, ஆயில் மாற்றப் போகும் தம்பிக்கு நான் சொல்வது இதுதான். முதலில் வண்டியின் கையேட்டைத் திறங்கள். பேரிங்கின் இடைவெளியை அமைத்தவனுக்கு அதன் தேவை தெரியும். கிரேடோடு, அவன் கேட்ட தரக்குறியீடும் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஓடுதளத்துக்குப் போகிறவராக இருந்தால், ஊகிக்காமல் ஓர் ஆயில் டெம்பரேச்சர் மீட்டரைப் பார்த்துச் சூட்டை அறியுங்கள். உண்மையிலேயே சூடு ஏறுகிறது, கையேடும் இடம் கொடுக்கிறது என்றால், ஒரு படி மேலே போங்கள். நல்ல ஆயில் கூலரைப் பற்றியும் யோசியுங்கள். பல டொயோட்டா கையேடுகளே, அதிவேகத்திலும் கடும் சுமையிலும் ஓட்டுகிறவருக்குக் கூடுதல் பாகுள்ள ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று சொல்கின்றன. அன்றாடம் குறுகிய தூரம் மட்டும் ஓட்டுகிறவர்கள், பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்துப்போகும் என்பதை நினைவில் வைத்து, நாள் தள்ளாமல் மாற்றிவிடுங்கள்.

எந்த ஆயில் ஊற்றினாலும் காலையில் அதற்கு நேரம் கொடுங்கள். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் ஆயில் சூடேறப் பின்னும் சில கிலோமீட்டர் ஆகும். அதுவரை மிதமாக ஓட்டுங்கள். E46 எம்3-யில் ரெவ் மீட்டரைச் சுற்றி விளக்குகள் வைத்திருந்தார்கள். ஆயில் சூடேற ஏற அவை ஒவ்வொன்றாக அணைந்து, இனி இவ்வளவு ரெவ் கேட்கலாம் என்று அனுமதி கொடுக்கும். உங்கள் வண்டியில் அந்த விளக்கு இல்லாவிட்டாலும் அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கட்டும். புதிதாக வேலைக்கு வந்த பையனிடமும், மனம் ஒடிந்து வீடு திரும்பிய பிள்ளையிடமும் அதே பொறுமையைக் காட்டுங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை உங்கள் ஆசையிடம் கேட்காதீர்கள். அவர்களுடைய சூட்டிடம் கேளுங்கள். கேட்டுக் கொடுத்த அக்கறை வீண்போனதை இத்தனை வயதில் நான் பார்த்ததில்லை.