சமையலறை வாசலும் ஒரு சான்றிதழும்

சில வருடங்களுக்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டிலிருந்து போன். பாத்ரூம் அடைத்துக்கொண்டது, உடனே வரவேண்டும் என்றார்கள். ராஜபாளையத்திலிருந்து வண்டியில் பைப் ரெஞ்சையும் அடைப்பெடுக்கும் கம்பியையும் கட்டிக்கொண்டு போனேன். முன்வாசலில் நின்றவர் என்னைப் பார்த்ததும், "பின்பக்கமா வாப்பா" என்றார். சந்து வழியாகச் சுற்றிப் போய், சேம்பரைத் திறந்து, இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்தேன்.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. "அதையும் பார்த்துரட்டுமா அண்ணாச்சி? வாஷர்தான் போயிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

"வேணாம்ப்பா, அதுக்கு வேற ஆளு வருவாரு."

அந்த வேற ஆள் யாரென்று எனக்குத் தெரியும். வாஷர் மாற்றுவது எப்படி என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

தோழர்களே, பிளம்பர் வேலை என்றால் எல்லாம் ஒரே வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நல்ல தண்ணீர் உள்ளே வருகிற குழாய்க்கு ஒரு ஆள், கழிவு வெளியே போகிற குழாய்க்கு ஒரு ஆள். நான் அருந்ததியர் தெருவில் பிறந்தவன், அப்பா துப்புரவுப் பணியாளர். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, பைப் வேலைக்குப் போனால் அப்பாவின் வேலை என்னைத் தொடராது என்று நம்பினேன். அது பின்பக்கச் சந்து வழியாக வந்து சேர்ந்துகொண்டது. அம்பேத்கர் 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் சாதியையும் வேலைப் பிரிவினையையும் பற்றிப் பேசும் பகுதியைப் பிறகு ஒரு படிப்பு வட்டத்தில் வாசித்தோம். மற்றவர்களுக்கு அது தத்துவம். எனக்கு அந்த வீட்டுக் குழாய் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

கேஸ் வேலை கற்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு ஹோட்டல் கட்டடத்தில் வந்தது. நான் தண்ணீர் லைன் போட்டுக்கொண்டிருந்தேன். கேஸ் லைன் போட மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். 19 கிலோ சிலிண்டர்களை வரிசையாக வைத்து, ஒரே குழாயில் சேர்த்து, அடுப்புகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் வேலை. பார்த்தால் எனக்குத் தெரிந்த சாமான்தான்: ஜி.ஐ. பைப், எல்போ, டீ, யூனியன், மரை வெட்டும் டை. கூலி மட்டும் என்னுடையதைப் போல மூன்று மடங்கு. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அவரை நேராகச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பழகப் பழகத்தான் தெரிந்தது, கேஸ் தண்ணீர் மாதிரி கிடையாது. தண்ணீர் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, கூரைக்குக் கீழே போய்ச் சேரும். அதனால் ஜன்னலும் காற்றுப் போக்கியும் எங்கே இருக்க வேண்டும் என்பதே இரண்டுக்கும் மாறும். அடுப்பின் ஜெட் துளையும் மாறும். கசிவைச் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும், தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது.

இன்னொன்றும் படித்தேன். எல்.பி.ஜி.க்குச் சொந்தமாக வாசனை கிடையாது. நமக்கு மூக்கில் ஏறுகிற அந்த நாற்றம் எத்தில் மெர்கேப்டன் என்ற பொருள். கசிவு தெரிய வேண்டும், யாரும் சாகக்கூடாது என்பதற்காகவே சேர்க்கிறார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் தாய்மாமா ஒரு செப்டிக் டேங்கில் இறங்கி மயங்கியவர். தூக்கி எடுத்துப் பிழைக்க வைத்தார்கள், ஆனால் பழைய மனுஷனாகத் திரும்பவில்லை. "நாத்தம் நின்னுருச்சு, சரி காத்து வந்துருச்சுன்னு நெனச்சேன்" என்று பின்னால் சொன்னார். டேங்கில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அப்படித்தான். அளவு கூடினால் முதலில் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது ஆபத்து போனதற்கு அடையாளம் இல்லை, ஆபத்து முற்றியதற்கு அடையாளம். சமையலறையில் இருப்பவர்களுக்காக வாசனையில்லாத வாயுவுக்கு வாசனை சேர்க்கத் தெரிந்த நாட்டில், டேங்கில் இறங்குகிறவருக்கு இந்த ஒரு வரியைச் சொல்லித்தர ஆள் இல்லை.

தகுதி பெறுவது எப்படி? பகல் முழுக்க ஐ.டி.ஐ.யில் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. விசாரித்தபோது, அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று தெரிந்தது. அனுபவச் சான்று வேண்டும். எட்டு வருடம் வேலை பார்த்த கான்ட்ராக்டரிடம் போனேன். "ஒனக்கு எதுக்குடா சர்டிபிகேட்? வேலைதான் தெரியுதுல்ல" என்று சிரித்துவிட்டு, கையெழுத்துப் போடாமலே மூன்று மாதம் இழுத்தார். கடைசியில் வேறொரு இன்ஜினியர் போட்டுக்கொடுத்தார். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டையையும் சேர்த்து வைத்தேன்.

செய்முறைத் தேர்வு எனக்கு விளையாட்டு. வரைபடமும் கணக்கும்தான் பயமுறுத்தின. பாலிடெக்னிக் படிக்கும் அண்ணன் மகள் இரவு ஒன்பது மணிக்கு மேல் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "சித்தப்பா, நீங்க தினமும் கையால செய்றதைத்தான் பேப்பர்ல கோடா போடுறீங்க" என்றாள். முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறை தேறினேன். பிறகு நகர எரிவாயுக் குழாய் பொருத்துநருக்கான குறுகிய காலப் பயிற்சி. ஹைட்ரோகார்பன் துறைத் திறன் கவுன்சிலில் அதற்கென்றே ஒரு பணிப்பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டு நகரங்களில் குழாய் எரிவாயு வந்துகொண்டிருக்கும் காலத்தில் இதை நம் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் கேஸ் வேலை செய்கிறவர் 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' என்ற பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும். 2009 ஏப்ரல் முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. படம் போட்ட அட்டை தருவார்கள், அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதியானவர் என்பது அட்டையின் பின்புறம் இருக்கும். வீட்டுக்காரர் அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். இங்கே என்னிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "தம்பிக்கு எந்தத் தெரு?"

சான்றிதழ் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். கேஸ் லைன் போட முதன்முதலாக ஒரு வீட்டுச் சமையலறைக்குள் போனேன். வேலை சுத்தம் என்று பாராட்டினார்கள். தண்ணீர் கேட்டேன். அடுக்கில் வரிசையாக எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன. எனக்குப் பேப்பர் கப்பில் வந்தது. குடித்தேன். கூலியில் ஒரு ரூபாய் குறைக்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்படியானால் எதற்கு இந்தச் சான்றிதழ் என்று கேட்கலாம். மறுக்கும் பலத்தை அது எனக்குக் கொடுத்தது. டேங்கில் இறங்கச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது நான் போவதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரை இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இதைச் சொல்லி, மிஷின் வண்டியைக் கூப்பிடச் சொல்லிவிடுவேன். கையில் வேறு வேலை இருப்பதால் என்னால் சொல்ல முடிகிறது. என் மாமாவுக்கு அது இல்லை. நான் ஒருவன் வெளியே வந்துவிட்டால் அந்த டேங்கில் எங்கள் தெருவின் இன்னொரு பையன் இறங்குவான். நான் தப்பித்த கதையாக இதை வாசித்துவிடாதீர்கள்.

மாணவத் தோழர்கள் மனு எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் தெரிந்தவர்கள். உங்கள் தெருவில் பைப் வேலை, வெல்டிங் வேலை செய்கிற அண்ணன்களிடம் போங்கள். நலவாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். தனித்தேர்வர் அறிவிப்பு வரும்போது சொல்லுங்கள். தாட்கோ வழியாகத் தொழில் தொடங்க மானியக் கடன் உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். கேஸ் கசிந்தால் அழைக்க வேண்டிய 1906 என்ற எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

அடுத்த தேர்வுக்கு எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் விண்ணப்பிக்கிறார்கள். மூவரும் என்னோடு வேலை பார்த்தவர்கள். அனுபவச் சான்றில் இந்த முறை கையெழுத்து என்னுடையது. மூன்று மாதம் இழுக்க மாட்டேன்.

ஜெய்பீம்.