கப்பல் பயணத்தில் ‘எக்ஸ்ட்ரா’ சலுகைகள்... எது வரை கேட்கலாம்?

கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். விளம்பரத்தில் பார்க்கும் தொகை வெறும் தொடக்கம்தான். துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்களுக்கான டிப்ஸ், வைஃபை, கரையில் இறங்கி ஊர் சுற்றும் செலவு என ஒவ்வொன்றாகச் சேரும்போது பட்ஜெட் எகிறிவிடும்.

ஆனால் அதே கப்பலில், அதே கட்டணம் கட்டிய பக்கத்து அறைக்காரருக்கு மட்டும் கணக்கில் 100 டாலர் கிரெடிட் இருக்கும். கப்பல் அதிகாரிகளோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். ஊர் சுற்றப் பாதி செலவில் வேன் பிடித்திருப்பார். எப்படி என்று விசாரித்தால், பல நேரம் பதில் ஒன்றாகவே இருக்கும். அவர் ஏதாவது ஓர் இணையப் பயணக் குழுவில் உறுப்பினர்!

தஞ்சாவூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இந்த வித்தையைத் தன் 64-வது வயதில் கற்றுக்கொண்டார். ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போயிருந்தார். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கூடத்துக்கு. அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டில் பகல் பொழுது எவ்வளவு நீளம் என்பது, போய் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பகல்களில் ஒருநாள், “கால்வெஸ்டன்ல இருந்து அஞ்சு நாள் கப்பல்ல போகலாம்மா, மெக்சிகோ வரைக்கும். நீங்களே கொஞ்சம் விசாரிச்சு வையுங்க” என்று மகள் சொல்ல, அம்மா விசாரிக்க உட்கார்ந்துவிட்டார். 35 வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். நோட்டுப் போட்டு எழுதாமல் எதையும் விசாரிக்க மாட்டார்.

கப்பலுக்கும் உண்டு வருகைப் பதிவேடு

ஹூஸ்டனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கால்வெஸ்டன் துறைமுகம். மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றும் உல்லாசக் கப்பல்கள் ஆண்டு முழுக்க அங்கிருந்து கிளம்புகின்றன.

கப்பல் பயணிகளுக்கென்றே பல இணையக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்றது, 1995-ல் தொடங்கப்பட்ட ‘க்ரூஸ் கிரிட்டிக்’. 2007-ல் இது ‘டிரிப்அட்வைசர்’ குடும்பத்துக்குப் போனது. உறுப்பினராகச் சேரக் கட்டணம் இல்லை. இதுபோன்ற குழுக்களில் ‘ரோல் கால்’ என்றொரு ஏற்பாடு உண்டு. எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று சொன்னால், அதே கப்பலில் அதே நாளில் பயணம் செய்யும் மற்றவர்களோடு பேசலாம்.

“அட, இது நம்ம அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்தானே!” என்று அவர் சிரித்தாராம். பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே தன் வருகையைப் பதிவு செய்துவிட்டார்.

சலுகை எங்கிருந்து வருகிறது?

கப்பல் நிறுவனம் யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. குழுவாகச் சேர்ந்தவர்களுக்குச் சில கதவுகள் திறக்கின்றன, அவ்வளவுதான். அவர் நோட்டில் எழுதி வைத்தவற்றில் முக்கியமானவை மூன்று.

முதலாவது, குரூப் புக்கிங். டிராவல் ஏஜென்டுகள் ஒரு கப்பலில் மொத்தமாகப் பல அறைகளைப் பிடித்து வைப்பார்கள். பெரும்பாலும் 16 பேர் சேர்ந்தால் ஒருவருக்கான அடிப்படைக் கட்டணம் ஏஜென்டுக்கு மிச்சமாகும். அதை அவரே வைத்துக்கொள்ளலாம், பயணிகளுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். பிரித்துக் கொடுக்கும் ஏஜென்ட் யார் என்பது குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அப்படி அறை ஒன்றுக்கு 50 டாலர் வீதம், அவர்களுடைய இரண்டு அறைகளுக்கும் சேர்த்து 100 டாலர் கிரெடிட் கிடைத்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிரெடிட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செலவழிக்காவிட்டால் திரும்பக் கையில் கிடைக்கும். இன்னொன்று, பயணம் முடிந்ததும் காலாவதியாகிவிடும். இரண்டாவது வகை என்றால் கடைசி நாளுக்குள் செலவழித்துவிட வேண்டும். சலுகையாகக் கிடைப்பவற்றில் அதிகமும் இந்த வகைதான்.

இரண்டாவது, விலை இறங்குவது. முழுப் பணமும் கட்டவேண்டிய கடைசித் தேதிக்கு முன்பு கட்டணம் குறைந்தால், கேட்பவர்களுக்குப் பல நிறுவனங்கள் புதிய விலையைக் கொடுக்கின்றன. கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. குழுவில் யாராவது ஒருவர் தினமும் விலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் சொன்னதும் மற்றவர்கள் போன் செய்வார்கள்.

மூன்றாவது, உறுப்பினர் சந்திப்பு. குழுவிலிருந்து போதுமான ஆட்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்தால், சில நிறுவனங்கள் கப்பலிலேயே ஒரு ஹாலை ஒதுக்கி, காபி, பிஸ்கட் கொடுத்து, அதிகாரிகளையும் அனுப்பி வைக்கின்றன. பேனா, சாவிக்கயிறு போலச் சின்னப் பரிசும் கிடைக்கலாம். பரிசு பெரிய விஷயமில்லை. உணவு, அறை, வரவேற்பு என ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் யார் என்று முகம் தெரிந்துவிடுகிறது. அதுதான் லாபம்.

“ஐந்து நாளும் ரொட்டியும் ஜாமுமா?”

சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கப்பல் என்றதும் வரும் முதல் பயம் சாப்பாடு. அந்த அம்மாவும் புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி எல்லாம் எடுத்து வைத்திருந்தார். ஏற்கெனவே போய்வந்த ஒரு குஜராத்திப் பெண்மணி குழுவில் சொன்ன யோசனை வேறு மாதிரி இருந்தது.

முன்பதிவின்போதே சைவம் என்று பதிந்துவிட வேண்டும். கப்பலில் ஏறிய முதல் நாள் இரவு, பிரதான டைனிங் ஹாலின் தலைமைப் பரிமாறுநரைப் பார்த்து, “நாளையிலிருந்து இந்திய சைவச் சாப்பாடு வேண்டும்” என்று சொல்ல வேண்டும். கப்பல் சமையலறைகளில் இந்தியர்கள் பரவலாக வேலை செய்கிறார்கள். ஒருநாள் அவகாசம் கொடுத்தால் மெனுவில் இல்லாததையும் செய்து தருவார்கள். கூடுதல் கட்டணம் கிடையாது.

அப்படியே நடந்தது. இரண்டாம் நாள் இரவு பருப்பு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு காலிஃபிளவர் கறி, சாதம் எல்லாம் வந்தன. நான்காம் நாள், சாம்பார் என்று சொல்லத்தக்க ஒன்றும் வந்தது. “பெருங்காயம் மட்டும்தான் இல்லை” என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். புளியோதரைப் பொடி திறக்கப்படாமலே ஹூஸ்டன் திரும்பியது.

12 பேர், ஒரு வேன்

கப்பல் நின்ற ஊர்களில் ஒன்று மெக்சிகோவின் கோஸுமெல் தீவு. அங்கே சான் ஹெர்வாசியோ என்ற இடத்தில் மாயா மக்களின் பழைய கோயில் சிதைவுகள் இருக்கின்றன. கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் தலைக்கு 60 டாலர். நான்கு பேருக்கு 240. குழுவில் 12 பேர் சேர்ந்து ஒரு வேனைப் பேசியதில் தலைக்கு 25 டாலர்தான் ஆனது. நான்கு பேருக்கு 100. மிச்சம் 140 டாலர்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்த ஏற்பாட்டில் போனவர்களுக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ச் சேர வேண்டியதுதான். அதனால் அந்த 12 பேரும், கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுவது என்று பேசிவைத்தார்கள். அதைக் கண்டிப்பாக அமல்படுத்தும் பொறுப்பு யாரிடம் வந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

சான் ஹெர்வாசியோ, இஷ்செல் என்ற பெண் தெய்வத்தின் இடம். பிள்ளை வரம் வேண்டியும் சுகப்பிரசவம் வேண்டியும் மாயா பெண்கள் கடல் தாண்டிப் படகில் வந்து கும்பிட்ட தலம். வழிகாட்டி அதைச் சொன்னதும் பேரனிடம் குனிந்து, “நம்ம திருக்கருகாவூர் மாதிரிடா” என்றார் அந்த அம்மா. “அது எங்க இருக்கு அம்மாச்சி?” என்று பேரன் கேட்க, திரும்பும் வழியெல்லாம் கர்ப்பரட்சாம்பிகை கதைதான்.

320 டாலர் கேள்வி

எல்லாச் சலுகையும் ஒரே ரகமில்லை என்பது நான்காம் நாள் இரவில் தெரிந்தது.

பல கப்பல்களில் பணியாளர் டிப்ஸ் தானாகவே கணக்கில் ஏறிவிடும். அந்தக் கப்பலில் தலைக்கு நாளொன்றுக்கு 16 டாலர். நான்கு பேர், ஐந்து நாள் என்றால் 320 டாலர்.  வரவேற்பு கவுன்டரில் போய்ச் சொன்னால், இதைக் குறைக்கவோ மொத்தமாக நீக்கவோ சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. சேவையில் குறை இருந்தவர்களுக்காக வைத்த வழி அது. ஆனால் குழுவில் ஒருவர் இதையும் ஒரு ‘டிப்ஸ்’ ஆகவே எழுதியிருந்தார். கடைசி நாள் போய் நீக்கச் சொல்லுங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், எவ்வளவு மிச்சம் பாருங்கள் என்று.

மாப்பிள்ளைக்கு அதில் ஒரு சபலம். அவர் கஞ்சர் இல்லை. வீட்டுக்கடன் ஓடுகிறது, அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபடுகிறது. “எல்லாரும் பண்றதுதான் அத்தை. நம்ம ரூம் பையனுக்கு மட்டும் கையில ஒரு 20 டாலர் கொடுத்துடலாம்” என்றார்.

செலவு முழுக்க மாப்பிள்ளையுடையது. தான் விருந்தாளி. பேசுவதா, வேண்டாமா என்று அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

அறையைச் சுத்தம் செய்ய வரும் இந்தோனேசிய இளைஞரிடம் அவர் தினமும் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். எட்டு மாத ஒப்பந்தத்தில் ஐந்தாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. கப்பல் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2006-ல் உருவானது. வேலை நேரத்தை அளக்க அது தரும் ஓர் அளவுகோல், 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 14 மணி நேரம் என்பது. உச்சவரம்பே 14! அந்த டிப்ஸும் ஒருவர் பைக்குப் போவதில்லை. அறைப் பணியாளர், பரிமாறுபவர், கண்ணில் படாமல் பின்னால் வேலை செய்பவர்கள் என்று பலருக்குப் பிரிகிறது. கையில் 20 டாலர் கொடுத்தால் அது அறைப் பையனோடு நின்றுவிடும். சாம்பார் வைத்த கைக்கு எதுவும் போகாது.

“மாப்பிள்ளை, நான் ஸ்கூல்ல சத்துணவு ஆயாக்களைப் பார்த்தவ. தொகுப்பூதியம்னு எவ்வளவு வாங்குவாங்கன்னு எனக்குத் தெரியும். அதுல கை வைக்கிற பேச்சு வந்தா நான் சும்மா இருந்ததில்லை” என்றவர், நோட்டை எடுத்தார். “இதைப் பாருங்க. ஏஜென்ட் கொடுத்த கிரெடிட் 100. வேன்ல மிச்சம் 140. மொத்தம் 240. டிப்ஸ் 320. குழுவால கிடைச்ச சலுகையே முக்கால்வாசியைக் கட்டிடுது. மீதி 80 டாலர்தான் நம்ம கைக்காசு.”

பல நிறுவனங்களில் கிரெடிட் தொகை டிப்ஸ் கணக்கிலும் கழியும். அந்தக் கப்பலிலும் அப்படித்தான். செலவழிக்காவிட்டால் காலாவதியாகியிருக்கும் 100 டாலர் அங்கே போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை நோட்டை வாங்கி ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு கவுன்டர் பக்கம் போகவில்லை.

சேரும் முன் இவற்றைக் கவனியுங்கள்

* குழுவில் உங்கள் முன்பதிவு எண், அறை எண், முழுப் பெயர் எதையும் பொதுவில் போடாதீர்கள். குடும்பப் பெயரும் முன்பதிவு எண்ணும் தெரிந்தால், வேறொருவர் உங்கள் பயணத்தில் கைவைக்க முடியும்.

* வேனுக்கோ வேறு எதற்கோ முன்பணம் கேட்டால், முன்பின் தெரியாதவர் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். வண்டியில் ஏறும்போது கொடுப்பதே பாதுகாப்பு.

* சலுகை பற்றிக் குழுவில் படித்ததை, நிறுவனத்திடமோ ஏஜென்டிடமோ எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். விதிகள் கப்பலுக்குக் கப்பல் மாறும்.

* அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் போன பெற்றோரைக் கப்பலில் அழைத்துப் போகிறீர்களா? கப்பல் வேறு நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டுத் திரும்புவதால், பல முறை நுழையும் விசாதானா, செல்லும் நாட்டின் விசா விதி என்ன என்பதைப் பணம் கட்டும் முன்பே பாருங்கள்.

* ஒரு சலுகை கண்ணில் பட்டால், அதை யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். நிறுவனமோ ஏஜென்டோ தன் லாபத்திலிருந்து தந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். கூலிக்காரர் சம்பளத்திலிருந்து வருகிறது என்றால் அது சலுகைக் கணக்கில் சேராது.

ஹூஸ்டன் திரும்பிய மறுவாரம், அடுத்து அதே கப்பலில் போகப்போகிறவர்களுக்காகச் சைவச் சாப்பாடு கேட்கும் முறை, வேன் வாடகை, திரும்ப வேண்டிய நேரம் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு எழுதினார் அந்தத் தலைமையாசிரியை. ஐந்தாவது எண்ணில், டிப்ஸை நீக்காமலே சமாளித்த அந்த 240 டாலர் கணக்கு இருந்தது.