மரத்தைச் சுற்றி நாலடி

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவிலே வெற்று நிலம் என்று ஒன்று அரிது. நான்கு மா நிலமாயினும் அதில் தென்னை நிற்கும். வரப்பும் வாய்க்கால் மடையும் குறுக்கிடும். மின்கம்பமும் அதைத் தாங்கும் இழுகம்பியும் ஓர் ஓரத்தில் இருக்கும். மண்வெட்டியும் அரிவாளும் மட்டும் வேலை செய்த காலத்தில் இவற்றை யாரும் இடையூறு என்று எண்ணியதில்லை. மனிதனுடைய கை மரத்தைக் கண்டால் தானாக விலகும். டிராக்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மேலூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்தார் சேர்ந்து பார்த்துவரும் தென்னந்தோப்பிலும் அதையொட்டிய வாழைக்கொல்லையிலும் சில ஆண்டுகளாக டிராக்டரின் பின்னே பூட்டும் சுழல்கத்திக் கருவியைக் கொண்டே புல்லையும் புதரையும் வெட்டி வருகிறோம். ஓட்டுநர்கள் அதைச் சுருக்கமாகக் ‘கட்டர்’ என்பார்கள். இரும்புக் கூண்டுக்குள் இரண்டு அல்லது மூன்று கனத்த கத்திகள், அவ்வளவுதான் பார்வைக்கு. ஆனால் டிராக்டரின் பின்புறத் தண்டு, ‘பி.டி.ஓ.’ எனப்படுவது, நிமிடத்துக்கு 540 முறை சுழல்கிறது; நொடிக்கு ஒன்பது சுற்று. கருவியின் பல்சக்கரப் பெட்டி அந்த வேகத்தை இன்னும் கூட்டுகிறது. ஐந்தடி அகலக் கருவி நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றினால் கத்தியின் நுனி மணிக்கு 280 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பறக்கும். அந்த நுனியில் ஒரு கல் பட்டால் என்னாகும் என்று சொல்லவும் வேண்டுமோ? வெட்டும் வேளையில் நூறு மீட்டருக்குள் எவரும் நிற்கலாகாது என்று பல கையேடுகள் எச்சரிக்கின்றன. நமது ஊரிலோ கொக்குகளுக்குப் போட்டியாகப் பிள்ளைகள் டிராக்டரின் பின்னே ஓடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும் மரத்தைவிடப் புல்லுக்குள் மறைந்து கிடப்பதே பெரும் ஆபத்து. வாழை வெட்டிய கொல்லையில் முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பின் அடிக்கட்டைகள் கிடக்கும். நைலான் கயிறு, சொட்டுநீர்க் குழாய், பன்றியை விரட்ட வேலியில் கட்டிய பழைய சேலை ஆகியவை கத்தியில் சுற்றிக்கொண்டால் இயந்திரம் திணறும். அதை எடுக்க அவசரப்பட்டுக் கையை உள்ளே விடுவோரே விரலை இழக்கிறார்கள். என்ஜினை நிறுத்திய பிறகும் கத்தி தன் வேகத்திலேயே சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும். அது முற்றாக நின்று, சாவியும் கையில் இருந்தாலன்றி அருகே போகக்கூடாது. வேட்டி நுனியையும் தோள் துண்டையும் அந்தத் தண்டு பற்றினால் இழுத்து விடுவித்துக்கொள்ள மனிதனுக்கு நேரமே இராது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து போன ஆண்டுகளில் படுகை நிலங்களில் மரக்கட்டைகளும் வந்து கிடப்பதுண்டு.

இனி மரத்துக்கு வருவோம். டிராக்டரை இடப்பக்கம் திருப்பினால் பின்னே பூட்டிய கருவி வலப்பக்கம் வீசும். முன்னே பார்த்து ஓட்டுகிறவர், மரத்தைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணித் திருப்பும் அந்தக் கணத்தில்தான் கூண்டின் மூலை தென்னையில் மோதும். ஆகவே கருவி முழுவதும் மரத்தைக் கடந்த பிறகே திருப்ப வேண்டும். மரத்தை நோக்கிப் பின்னோக்கி வருவது அதைவிடக் கெட்ட பழக்கம். வாய்க்கால் கரையிலோ, கரை எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது உள்ளே தள்ளி ஓட்டுவது நல்லது. ஈரக்கரை சக்கரத்தின் பாரத்தில் சரிந்தால் வண்டியே கவிழும்.

இவ்வளவும் ஓட்டுநர்களுக்குத் தெரியாததல்ல. பிறகு ஏன் விபத்து? ஒருமுறை எங்கள் தோப்புக்கு வந்த ஓட்டுநரோடு ஓர் உதவிப் பையனும் சக்கர மறைப்பின்மேல் குந்தியிருந்தான். அவனை இறக்கிவிட்டால்தான் வேலை என்றோம். ஓட்டுநர் முகம் சுளித்தார்.

“அண்ணே, அடுத்த தோப்புக்காரர் காத்துக்கிட்டிருக்கார். கல்லு இருக்கா, கட்டை இருக்கான்னு இறங்கி இறங்கிப் பார்த்துட்டிருந்தா அங்க போயி நான்தான் ஏச்சு வாங்கணும்.”

“நீங்க பார்க்க வேண்டாம் தம்பி. நேத்து சாயங்காலமே நாங்க நடந்து பார்த்துட்டோம். சிவப்புத் துணி கட்டின இடத்துக்கெல்லாம் கிட்டப் போகாதீங்க, அது போதும்.”

பையன் இறங்கி வரப்போரப் பூவரச நிழலுக்குப் போனான். மணிக்கணக்கு வாடகையில் அவசரத்தை விதைப்பவர் பெரும்பாலும் ஓட்டுநர் அல்லர், நிலத்துக்காரரே என்பது எங்கள் எண்ணம். ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் தம் பணம் என்று அவர் கரையில் நின்று கைகாட்டுவார். ஓட்டுநர் கியரை மாற்றுவார். கதிரடிக்கும் இயந்திரங்களில் கையை இழந்தோர் வடமாநிலங்களில் பெருகிய பின்னர் 1983-இல் அபாயகரமான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கூண்டும் மறைப்பும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். கைகாட்டுகிறவரை அது என்ன செய்யும்?

வடகிழக்குப் பருவமழையில் புல் மண்டிவிடுவதால், நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன் பங்குக் கல்லறைத் தோட்டத்தையும் டிராக்டர் விட்டே சுத்தம் செய்துவிடலாமே என்று ஓராண்டு பேச்சு எழுந்தது. நாங்கள் ஒப்பவில்லை. சாய்ந்த சிலுவைகள், உடைந்த பளிங்குத் துண்டுகள், மண்ணோடு மண்ணாகிவிட்ட செங்கல் திட்டுகள், ஏழைகளின் அடையாளமற்ற குழிமேடுகள். சுழல்கத்திக்கு இதைவிடப் பொல்லாத நிலம் ஏது? மதில் ஓரத்து வெற்றிடத்தை மட்டும் இயந்திரம் வெட்டியது. மற்றது கையரிவாளுக்கு.

தோப்பிலும் அப்படியே. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் நாலடி வட்டத்தை இயந்திரத்துக்குக் கொடுப்பதில்லை. டிராக்டர் போன மறுநாள் காலை இரண்டு பெண்கள் அரிவாளோடு வந்து அந்த வட்டங்களை அறுக்கிறார்கள். அவர்களுடைய கூலியையும் டிராக்டர் வாடகையையும் ஒரே செலவாகவே கணக்கில் எழுதுகிறோம். அறுத்த புல் அவர்கள் வீட்டு மாட்டுக்குப் போகிறது.