பேசாத தூதன்

தமிழ் பயிற்றுவிப்பவருக்குச் சூளையோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவக்கூடும். தேவாரம் திருமுதுகுன்றம் என்று பாடிய விருத்தாசலத்தில் அவ்வுறவு வியப்புக்குரியதன்று. செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழிலுக்கென்றே அரசுக் கல்வி நிறுவனமும் அமைந்த ஊர் இது. நாங்களும் குடும்பமாக ஒரு சிறு எரிவாயுச் சூளை நடத்தி வருகிறோம். மண்ணும் தீயும் தம்பியின் பொறுப்பு. கணக்கும் கடிதமும் தமிழாசிரியரின் பொறுப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் சூளைக்கு பி.எல்.சி. எனும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினோம். வெப்பம் எல்லை மீறினால் ஒரு சுவிட்சின் தொடர்பு மூடிக்கொள்ளும், மின்சாரம் டிஜிட்டல் உள்ளீட்டு மாட்யூலை அடையும், மணி ஒலிக்கும். ஒரு மார்கழி இரவில் தெர்மோகப்பிள் இடம் பெயர்ந்து வெப்பத்தைக் குறைத்துக் காட்டிற்று. தீ அடங்கவில்லை, மணியும் ஒலிக்கவில்லை. சூளை ஆறிய பின் கதவைத் திறந்தால், கோப்பைகள் தட்டுகளோடு உருகி ஒட்டிக் கிடந்தன. மணிக்குச் செய்தி சொல்ல வேண்டிய கம்பி, சுவரின் வெம்மையில் உறை கருகி என்றோ அறுந்து போயிருந்தது. அவ்வாண்டு பொங்கலுக்குக் கூலி கொடுக்க வீட்டு நகை அடகுக்குச் சென்றது.

திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூது. ஆண்டுதோறும் அதை நடத்துகிறோம். ஆயினும் தூதன் வரவில்லை என்றால் செய்தி இல்லை என்று பொருளா, தூதன் வழியில் மாண்டான் என்று பொருளா என்பதை அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. மாட்யூலுக்குத் தெரிந்த எழுத்துகள் இரண்டே: 1, 0. எங்கள் ஏற்பாட்டில் ‘ஆபத்தில்லை’ என்பதும் 0. ‘கம்பி அறுந்தது’ என்பதும் 0.

ஆகவே தொடர்பை மாற்றினோம். இயல்பில் மூடியிருந்து, ஆபத்தில் திறக்கும் சுவிட்சு இப்போது இருக்கிறது. 1 என்றால் நலம். கம்பி அறுந்தாலும் மணி ஒலிக்கும். எரிவாயுவை நிறுத்தும் பணியை மாட்யூலை மட்டும் நம்பி விடவில்லை. அதே சுவிட்சு வால்வின் மின்னோட்டத்தையும் நேரே துண்டிக்குமாறு தனி வழி அமைத்தோம்.

மாட்யூலையும் இம்முறை ஆய்ந்தே வாங்கினோம். 24 வோல்ட் நேர்மின்சார வகை. ஐ.இ.சி. 61131-2 தரத்தின் முதல் வகையில், 15 முதல் 30 வோல்ட் வரை 1. 5 வோல்ட்டும் அதற்குக் கீழும் 0. உள்ளே ஆப்டோகப்ளர் இருத்தல் நலம். அது செய்தியை ஒளியாகக் கடத்தி, வெளி மின்னதிர்ச்சி மூளைப் பகுதியை அண்டாமல் காக்கும். பி.என்.பி. சென்சாருக்கு ‘சிங்க்’ உள்ளீடு, என்.பி.என். சென்சாருக்கு ‘சோர்ஸ்’ உள்ளீடு. இப்பொருத்தம் பாராமல் வாங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று பேசா. சுவிட்சு மூடும்போது ஏற்படும் துள்ளலைப் பல செய்திகளாக எண்ணாதிருக்கச் சில மில்லி விநாடி வடிகட்டல் வேண்டும். எங்கள் தேவை பதினொன்று. பதினாறு உள்ளீடு கொண்டதை வாங்கினோம். எஞ்சியவை நாளைக்கு.

பொருத்தும்போது மின்சாரத்தை நிறுத்தி, செய்திக் கம்பிகளை மோட்டார்க் கம்பிகளிடமிருந்து விலக்கித் தனிப் பாதையில் கொண்டு சென்றோம். சூளையருகே வெப்பம் தாங்கும் உறையுள்ள கம்பி. ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் எண் பொறித்த சீட்டு. அச்சீட்டுகளை எழுதியது தமிழாசிரியரே.

இப்போது மாதம் ஒருமுறை, சூளை அணைந்திருக்கும் நாளில் மின்சாரத்தை நிறுத்தி ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, மீண்டும் மின்சாரம் தருகிறோம். மணி ஒலிக்கிறது. பிறகே பழையபடி பூட்டுகிறோம்.

வகுப்பிலும் ஒரு மாற்றம். ‘ஐயம் உண்டா?’ என்று கேட்டு, அமைதியைப் புரிதலாகக் கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டோம். புரிந்தவர் எழுந்து சொல்ல வேண்டும். சொல்லாதவரிடம் நாங்களே செல்கிறோம்.