லிஸ்பன் நகரில் கடைசி ஐந்து நாட்கள்

தூர தேசப் பிரயாணம் செய்வோர் புறப்பட்ட நாளைப் பற்றி எழுதுவர்; கண்ட கோபுரங்களையும் கோட்டைகளையும் பற்றி எழுதுவர். பிரயாணத்தின் கடைசி நாட்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. கையிலுள்ள பணம் குறைந்து, சப்பாத்தின் அடி தேய்ந்து, முதுகிற் சுமந்த பை உடம்பின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்ட நிலையில், வீட்டு நினைவு ஒரு பக்கமும் ஊர் சுற்றும் ஆசை மறுபக்கமுமாக இழுக்கும் அந்த நாட்களுக்கு ஒரு தனிச் சுவை உண்டு. அச்சுவையை நாம் அறிந்தது போர்த்துக்கல் தேசத்தின் தலைநகரான லிஸ்பனில்.

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் தொடங்கிய எமது யாத்திரை வியன்னா, பிராக், பாரிஸ், பார்சலோனா, செவில் என்று மேற்கு நோக்கி வந்து எட்டாவது வாரத்தில் முடிவை அணுகியது. முதுகில் ஒரு பை, கையில் ஒரு புகையிரதச் சீட்டு, கடவுச்சீட்டில் அறுபது நாட்களுக்கு ஒட்டப்பட்ட ஒரு விசா. இவ்வளவே எமது உடைமை. எம் நாட்டார் அந்த விசாவைப் பெறப் படும் பாட்டை வாசகர்கள் அறிவர். ஆனால் உள்ளே நுழைந்த பின்னர் ஒரு தேசத்திலிருந்து மறுதேசத்துக்குச் செல்லும்போது பெரும்பாலும் எவரும் எம்மை மறித்து எதையும் கேட்கவில்லை. புகையிரதத்தில் உறங்கி விழித்தால் தேசம் மாறியிருக்கும்; நிலையத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்தே அதனை அறிந்துகொண்டோம்.

தனியே பிரயாணம் செய்வதிற் பெரிய வசதி, எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்பது. அதற்குக் கொடுக்கும் விலை பேச்சு. வாலிபர் விடுதிகளில் ஓர் அறையிலே எட்டுக் கட்டில்கள் இருக்கும். அவுஸ்திரேலியாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் அன்போடு பேசுவார்கள். ஆயினும் பேச்சு மூன்று கேள்விகளோடு முடிந்துவிடும்: எங்கிருந்து வந்தீர், எங்கே போகிறீர், எத்தனை நாள் தங்குவீர். மறுநாட் காலையில் அக்கட்டிலில் வேறொருவர் இருப்பார்; கேள்விகள் மட்டும் மாறா. பாரிஸில் லா சப்பல் என்னும் பகுதியில் எம்மவர் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே இரண்டு நாட்கள் இடியப்பமும் சொதியும் உண்டு, ஊர்க் கதைகளைக் காதாரக் கேட்டோம். அதன்பின் தெற்கே இறங்கிய மூன்று வாரமும் தமிழ் ஒலி காதில் விழவில்லை. தொலைபேசி இருக்கின்றதே என்பீர்கள். பேசினோம், தினமும் பேசினோம். ஆனால் அம்மாவின் குரல் நின்றதும் அறையிற் பரவும் மௌனம் முன்னிருந்ததிலும் கனத்தது.

ஸ்பெயின் தலைநகரான மட்ரிட்டிலிருந்து லிஸ்பனுக்கு முன்னர் நேரே ஓடிய இரவுப் புகையிரதம் 2020ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆகவே செவிலிலிருந்து பஸ்ஸில் வந்தோம். தேஜோ நதி கடலோடு கலக்குமுன் ஒரு வாவியைப் போல அகன்று கிடக்கின்றது. அதன்மேல் 1998இல் திறக்கப்பட்ட நீண்ட பாலத்துக்கு வாஸ்கோ ட காமாவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரோடுதான் நாம் நகருள்ளே புகுந்தோம்.

அல்பாமா என்னும் பழைய பகுதியில், இருவர் எதிரெதிராக வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய ஒழுங்கையொன்றில் எமது விடுதி இருந்தது. அறையைக் காட்ட வந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டு போனார். திறப்பைக் காட்டி "ஷாவ்" என்றார். எமது சாவி! கதவுகளைத் தள்ளித் திறந்து "ஷனெலா" என்றார். அது யன்னல். மேசையை "மேஸா" என்றும், கதிரையை "கதைரா" என்றும், மடித்து வைத்திருந்த துவாயை "துவால்யா" என்றும் சொல்லி, கீழே சமைக்கும் இடத்துக்குக் கைகாட்டி "குஸிஞ்ஞா" என்று முடித்தார். எமது வீட்டுக் குசினி!

போர்த்துக்கேயச் சொற்கள் தமிழிற் கலந்துள்ளன என்பது பள்ளிக்கூடத்திலே படித்த விஷயந்தான். ஆனால் புத்தகத்தில் ஒரு பட்டியலாகப் படிப்பது வேறு; மூன்று வாரம் ஊமையாய்த் திரிந்தவன் காதில் ஓர் அந்நியக் கிழவியின் வாயிலிருந்து தன் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து விழுவது வேறு. நாமும் ஒவ்வொன்றையும் எம் வழக்கிற் திருப்பிச் சொன்னோம். அவர் முதலில் எமது உச்சரிப்பைத் திருத்தினார். பிறகு விஷயம் விளங்கிக் கைகொட்டிச் சிரித்தார். அன்று முதல் எம்மைக் கண்டபோதெல்லாம் "மகனே" என்று தம் பாஷையில் அழைத்து, புதிதாக ஒரு பொருளைத் தூக்கிக் காட்டுவார். அலுமாரி தேறியது. லேஞ்சி தேறியது. குடையும் கத்தரிக்கோலும் தேறவில்லை. அதில் அவருக்குச் சிறிது வருத்தமே.

உணவுச்சாலையிலும் அப்படித்தான். பாணை அவர்கள் மூக்கால் ஒலித்து "பௌங்" என்பர். கோவா இலையை மயிரிழைபோல அரிந்து உருளைக்கிழங்கோடு காய்ச்சும் ஒரு பச்சை ரசம் அங்கே ஏழை பணக்காரர் எல்லோருக்கும் உரியது. அந்த இலைக்கு அவர்கள் இட்ட பெயர் "கோவ்". கோழியும் அரிசியும் இட்டுக் காய்ச்சியதை "கான்ஷா" என்கிறார்கள். நோயாளிக்குக் கொடுப்பதும் அதுவே. அது கீழைத்தேயத்துக் கஞ்சி. எம் பக்கத்திலிருந்து கப்பலேறி அங்கே போனது. மாம்பழமும் அவர்கள் வாயில் "மாங்கா" தான். ஆகவே கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் நடந்திருக்கின்றது. ஆயினும் கணக்கு ஒத்துவரும் என்று நாம் சொல்லமாட்டோம்.

இரண்டாம் நாள் எமது வலது சப்பாத்து வாய்பிளந்தது. லிஸ்பன் ஏழு குன்றுகளின்மேல் அமைந்தது என்பர். ஏறி இறங்கிய எமக்கு அவை எழுபதாகத் தோன்றின. நடைபாதைகள் எல்லாம் சிறுசிறு வெண்கற்களும் கருங்கற்களும் பதித்து, அலையும் பூவுமாகக் கோலமிட்டவை. கண்ணுக்கு விருந்து, மழை பெய்தால் காலுக்கு ஆபத்து. மஞ்சள் நிறத்து 28ஆம் இலக்கத் திராம் வண்டி வீட்டுச் சுவர்களை உரசுவதுபோலக் குன்றேறிச் செல்லும்; உள்ளூர்க் கிழவர்களுக்கு அதில் இடம் கிடையாதபடி உல்லாசப் பிரயாணிகள் நிறைந்திருப்பார்கள். நாம் நடந்தோம். ஒரு மூலையிலே மூன்று பேர் நிற்கக்கூடிய கடையில் முதியவர் ஒருவர் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். "சப்பாத்து" என்று காலைக் காட்டினோம். மொழிபெயர்ப்புக்கு அவசியமே இருக்கவில்லை. அவர்களும் "ஸபாத்து" என்றே சொல்கிறார்கள். அவர் அதைக் கழற்றி வாங்கி, ஒரு வாங்கிலே எம்மை இருத்தி, அரைமணி நேரம் தைத்தார். வேலைக்கு அவர் கேட்ட கூலி இரண்டு கோப்பைக் கோப்பிக்கு மேற்படாது. அந்த அரைமணி நேரமும் நாமிருவரும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் தனிமையென்று தோன்றவுமில்லை.

நகரின் நடுவிலே கூரையற்ற ஒரு பெரும் தேவாலயம் நிற்கின்றது. 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி, சகல பரிசுத்தவான்களின் திருநாட் காலையில், பூமி அதிர்ந்து இடிந்தது அது. அதிர்ச்சிக்குத் தப்பி நதிக்கரை வெளிக்கு ஓடியோரைக் கடல் பெருகி வந்து கொண்டுபோயிற்று. எஞ்சியதைத் தீ தின்றது. வளைவுகளின் ஊடாக வானத்தைப் பார்த்து நின்றபோது எமக்கு 2004 மார்கழி 26 நினைவு வந்தது. எம் கரையிலும் அது நத்தாருக்கு மறுநாட் காலை. பொம்பால் பிரபு என்னும் மந்திரி பின்னர் நேரான வீதிகளோடு கீழ்நகரைப் புதிதாகக் கட்டுவித்தார். இந்த ஒரு தேவாலயத்தை மட்டும் இடிந்தபடியே விட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் பெலெம் பகுதிக்குச் சென்றோம். கப்பல்கள் புறப்பட்ட துறை அது. 1501இல் கட்டத் தொடங்கிய ஜெரோனிமோஸ் மடாலயம் அங்கே வெண்கல்லில் விளைந்த காடுபோல நிற்கின்றது. கீழைத்தேயத்து வாசனைத் திரவிய வியாபாரத்தின்மீது விதித்த வரியே அதன் செலவுக்குப் பெரும்பகுதியைக் கொடுத்தது. 1524இல் கொச்சியிலே இறந்த வாஸ்கோ ட காமா அதனுள்ளே கல்லுருவாய்க் கைகூப்பிப் படுத்திருக்கிறார். எதிரே கவிஞர் கமோயென்ஷுக்கும் ஒரு சமாதி. 1572இல் வெளிவந்த அவருடைய காவியத்தின் முதற் செய்யுளிலேயே தப்ரபேன் என்று எமது தீவு பேசப்படுகின்றது. நதிக்கரையில் 1960இல் எழுப்பிய பெரிய ஞாபகச் சின்னமொன்று கப்பலின் முன்முனைபோல நீட்டி நிற்கின்றது. அதிலே மாலுமிகளும் அரசர்களும் பாதிரிமாருமாக 30க்கும் மேற்பட்டோர் முண்டியடித்து முன்னேறுகிறார்கள். எல்லோரும் போனவர்கள். போய்ச் சேர்ந்த இடத்திலிருந்த ஒருவருக்கும் அதில் இடமில்லை.

1505இல் எமது தீவில் வந்திறங்கி, 1619இல் நல்லூரை வீழ்த்திச் சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றவர்கள் இவர்கள். அந்தச் சின்னத்தின் நிழலிலே நின்றபோது, விடுதி மூதாட்டியின் சிரிப்பையும் சப்பாத்துக்காரரின் ஊசியையும் இந்தக் கல்லுருவங்களோடு எப்படிச் சேர்ப்பது என்று எமக்குத் தெரியவில்லை. இந்நாட்டின் தேசியச் சுவடிச்சாலைக்குப் பெயர் தோரே தோ தோம்பு. தோம்புக் கோபுரம் என்பது பொருள். யாழ்ப்பாணத்துக் காணிகளை எழுதிய தோம்பு என்ற சொல்லே அது. அளந்து எழுதி வரி வாங்கும் வேலையை அவர்கள் தொடக்க, ஒல்லாந்தர் விரித்தனர். கதிரையும் அலுமாரியும் மட்டும் வரவில்லை. ஏலமும் அவர்களோடு வந்த சொல்தான்.

ஆனால் பெலெமுக்கு நாம் சென்றதன் முக்கிய காரணம் வேறு. தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல் எங்கே அச்சாயிற்று என்று கேட்டால், கோவா என்றும் கொல்லம் என்றும் சொல்வார் உண்டு. தமிழெழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது உண்மையே. ஆயினும் அதற்கு 24 வருடங்களுக்கு முன்னர், 1554இல், இதே லிஸ்பன் நகரில், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்திற் கோத்து, போர்த்துக்கேய மொழிபெயர்ப்போடு ஒரு ஜெபப் புத்தகம் அச்சிட்டார்கள். கார்த்தில்யா என்பது அதன் பெயர். எமது கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகளார் 1950களில் ஐரோப்பிய நூல்நிலையங்களைத் தேடித் திரிந்து, இத்தகைய நூல்களின் சிறப்பைத் தமிழுலகுக்கு எடுத்துரைத்தார். அதன் பிரதி ஒன்று ஜெரோனிமோஸ் கட்டடத்தோடு சேர்ந்த அரும்பொருட்சாலைக்கு உரியது. நாம் சென்ற வேளையில் அது திருத்த வேலைக்காக மூடியிருந்தது. நீண்ட வெண்சுவரின் ஓரமாக ஒருமுறை நடந்துவிட்டுத் திரும்பினோம்.

அந்நூலை ஆக்க உதவியவர்கள் லிஸ்பனில் வாழ்ந்த மூன்று தமிழர்: விசெந்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ். பெற்ற தாய் இட்ட பெயர்கள் அங்கே இல்லை. இந்தத் துறையிலிருந்து கோவா செல்ல அன்று ஏறக்குறைய ஆறு மாதம் கப்பலில் இருக்கவேண்டும்; வழியிலே இறந்தோர் அநேகர். அந்த மூவரும் ஒரு மேசையைச் சுற்றியிருந்து, எம் சொற்களை ஒவ்வொன்றாக உச்சரித்து, அந்நியன் ஒருவன் அதை அவன் எழுத்தில் எழுதுவதைப் பார்த்திருப்பார்கள். எமக்கு எட்டு வாரம் நீண்டதாகப்பட்டது.

நாலாம் நாள் ரொசியோ நிலையத்திலிருந்து சின்திராவுக்குப் புகையிரதத்திலும், அங்கிருந்து பஸ்ஸிலுமாக ரொக்கா முனைக்குப் போனோம். ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்கு அந்தம் அது. கடலுக்குமேல் 140 மீற்றர் உயரத்திற் செங்குத்தான பாறை, ஒரு வெளிச்சவீடு, கமோயென்ஷின் வரியொன்று பொறித்த கற்றூண், அப்பால் அத்திலாந்திக் சமுத்திரம். காற்று நிற்கவிடவில்லை. இன்னும் மேற்கே நடக்க இடமில்லை என்ற ஒரு காரணமே எமக்குப் போதியதாயிருந்தது. பாறையோரத்திலே ஒரு கல்லிலிருந்து, கொண்டுபோன பாணையும் பாற்கட்டியையும் தின்றோம். பிரயாணம் உண்மையில் அங்கேதான் முடிந்தது. மிகுதி, மூட்டை கட்டும் வேலை.

ஐந்தாம் நாள் அந்த வேலையைச் செய்தோம். வாலிபர் விடுதிகளிற் குசினியின் ஒரு தட்டிலே, போகிறவர் விட்டுச் செல்வதை வருகிறவர் எடுத்துக்கொள்ளும் நல்ல வழக்கமொன்று உண்டு. அரைப் பைக்கற்று அரிசி, லா சப்பலில் வாங்கிய மிளகாய்த்தூளின் மிச்சம், உடுப்புக் காயப்போடும் கயிறு, ஸ்பெயின் தேசத்து வழிகாட்டிப் புத்தகம் ஆகியவற்றை அங்கே வைத்தோம். மிளகாய்த்தூளின்மேல் "கவனம்" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினோம். பையை நிறுத்துப் பார்த்தோம், 9 கிலோ. புறப்பட்டபோது 13.

விடியற்காலை நாலு மணிக்கு மூதாட்டி எமக்காக எழுந்திருந்தார். கான்ஷா ஒரு கோப்பை சூடாக்கித் தந்தார். குடித்துவிட்டு மேசைமேல் சாவியை வைத்தோம். அவர் அதை எடுத்துப் பிடித்து, பாடம் கேட்கும் உபாத்தியாயினியைப் போல எம் முகத்தைப் பார்த்தார். "சாவி" என்றோம். "சாவி" என்று எம் வழக்கிலேயே சொல்லி, விமான நிலையத்துக்குப் போகும் பஸ் எந்தத் திருப்பத்தில் நிற்குமென்று வாசலில் நின்று கையாற் காட்டினார்.